மூசாப்பேட்டை வீட்டில் இன்னொரு ரூம்

வாங்க சார், வாங்க. செருப்பை வெளியே விடாதீங்க, உள்ள அந்த ஓரமா விடுங்க. தெரு நாய் ஒண்ணு மாடி வரைக்கும் ஏறி வருது. போன வாரம் கீழ் வீட்டு மாப்பிள்ளையோட ஷூ ஒண்ணைத் தூக்கிட்டுப் போயிடுச்சு. ஒத்தைக் கால் ஷூ. மிச்சம் இருக்கிற ஒண்ணை வெச்சுக்கிட்டு அந்த மனுஷன் மூணு நாளா தெருத் தெருவாத் தேடறாரு.

உக்காருங்க, ஃபேன் போடறேன். நான்தான் தணிகாசலம். ஆபீஸ்ல சொல்லியிருப்பாங்க. நீங்க சிவஞானம் சார்தானே? ஸ்டோர்ஸுக்கு மாத்தலாகி வந்திருக்கீங்க, இடம் கிடைக்கிற வரைக்கும் கம்பெனி கெஸ்ட் ஹவுஸ்ல இருக்கீங்க, குடும்பம் ஆவடியில. சரிதானே? நானும் அம்பத்தூர் யூனிட்ல இருந்து வந்தவன்தான் சார். மாத்திரைக்கு அட்டை அடிக்கிறதுல நம்ம யூனிட்தான் முதல்ல ஆரம்பிச்சது. அப்புறம் இடம் பத்தல, தண்ணி பத்தலன்னு பாலாநகருக்குக் கொண்டாந்துட்டாங்க. வர்றவன் வரலாம், வராதவன் கணக்கை முடிச்சுக்கலாம்னாங்க. நான் வந்துட்டேன். பன்னெண்டு வருஷம் ஓடிப் போச்சு.

ரூமை அப்புறம் பார்க்கலாம் சார், ரூம் எங்கே போயிடப் போகுது. முதல்ல ஊரைப் பத்திச் சொல்லிடறேன். நம்ம சம்பளம் இருக்கே, அதிகமும் இல்ல, கம்மியும் இல்ல. சென்னையில அந்தச் சம்பளம் இருபதாம் தேதிக்கே மூச்சு வாங்கும். இங்க அதே சம்பளத்துல நிமிர்ந்து நடக்கலாம். ரெண்டு பெட்ரூம், ஹால், பால்கனி, மஞ்சீரா ஆத்துத் தண்ணி. கரண்டு போறதே இல்ல. ரைத்து பஜார்னு உழவர் சந்தை, ஒரு நடை போனா வாரத்துக்கு வேண்டிய காய்கறி. அதுவும் எப்படி, சாயங்காலம் போனீங்கன்னா கூறு கட்டிக் குடுத்துடுவாங்க. பெரிய ஊர், ஆனா ஆளைக் கடிக்காத ஊர். அதைத்தான் நான் எல்லார்கிட்டயும் சொல்றது.

பேச்சுத் துணைக்கும் ஒண்ணும் குறைவில்ல. கீழே ஹவுஸ் ஓனர் ராஜேஸ்வரம்மா. நல்ல பொம்பளை. தமிழ் ஒரு வார்த்தை தெரியாது. எனக்குத் தெலுங்கு கடையில பேசற அளவுக்குத் தெரியும். காலையில பார்த்தா "பாகுன்னாரா", நல்லா இருக்கீங்களான்னு கேட்பாங்க. "பாகுன்னானு"ன்னு சொல்வேன். தினமும் சொல்வேன். ஒரு நாளைக்கு ஒரு ஆள்கிட்ட அவ்ளோ பேசினாப் போதாதா சார்?

என்ன கேட்டீங்க? ஆமா, வீட்டுக்காரங்க அம்பத்தூர்லயேதான் இருக்காங்க. வசுமதி அங்க எய்டட் ஸ்கூல்ல டீச்சர். அதை விட்டுட்டு வரச் சொல்ல முடியுமா? பொண்ணு மிருதுளா அப்ப அஞ்சாவது. படிப்பு கெட்டுடும்னு வசுமதி சொன்னா, நானும் சரின்னேன். நான் இங்கே சிக்கனமா இருந்து அனுப்பினதுலதான் அம்பத்தூர் ஃபிளாட்டு லோன் முடிஞ்சுது, அவ இன்ஜினியரிங் முடிச்சா. முதல்ல மாசத்துக்கு ஒரு தடவை போவேன். அப்புறம் ஓவர்டைம் ஆரம்பிச்சுது, ரெண்டு மாசத்துக்கு ஒரு தடவை. அப்புறம் பொங்கல், தீபாவளி. போனா மாப்பிள்ளை மாதிரி கவனிப்பாங்க சார். நாற்காலியை விட்டு எழுந்திருக்க விட மாட்டாங்க. தண்ணி வேணும்னாலும் கையில கொண்டாந்து குடுப்பாங்க. எந்த அலமாரியில எது இருக்குன்னு எனக்குத் தெரியாது பாருங்க, அதனால.

ஒத்தை ஆளுக்கு எதுக்கு ரெண்டு ரூம்னு நீங்க நினைக்கலாம். எல்லாரும் கேட்டாங்க. அவங்க வந்தாத் தங்கணுமே சார். வந்தாங்க, ஒரு லீவுக்கு வந்தாங்க. கோல்கொண்டா பார்த்தாங்க, சார்மினார் பார்த்தாங்க, வளையல் வாங்கினாங்க. அடுத்த வருஷம் பப்ளிக் எக்ஸாம், அதுக்கடுத்த வருஷம் டியூஷன். அப்படியே தள்ளிப் போயிடுச்சு. நான் ரூமை மட்டும் விடல. வாரா வாரம் பெருக்கித் துடைச்சு வெச்சிருவேன்.

போன வருஷம் ஜூன் மாசம். பேக்கிங் லைன்ல நிக்கறேன், வசுமதி போன் பண்றா. வேலை நேரத்துல பண்ணவே மாட்டா. எடுத்தா, "மிருதுவுக்கு வேலை கிடைச்சிருக்குங்க. ஹைதராபாத்துல"ங்கிறா. மறுபடியும் சொல்லுன்னேன். ஹைதராபாத்துலன்னா. லைன்ல அட்டை குவியுது, பெல்ட்டை நிறுத்தச் சொல்லி ஒருத்தன் கத்தறான், எனக்கு ஒண்ணும் காதுல விழல. எத்தனை ஊர் இருக்கு சார் இந்த நாட்டுல! புனே இருக்கு, நொய்டா இருக்கு, அவ பிரெண்ட்ஸ் எல்லாம் அங்கேதான் போனாங்க. இவளுக்கு மட்டும் அப்பன் இருக்கிற ஊரா வந்து அமையுது பாருங்க.

அன்னிக்கே ராஜேஸ்வரம்மாகிட்ட கேட்டு ரூமுக்கு பெயின்ட் அடிச்சேன். நானே அடிச்சேன் சார், ஞாயித்துக்கிழமை முழுக்க. ரோஸ் கலர். ரோஸ்னா உயிரு அவளுக்கு. பென்சில் பாக்ஸ் ரோஸ், செருப்பு ரோஸ், குடை ரோஸ். கட்டில் வாங்கினேன், நிலைக்கண்ணாடி வெச்ச டேபிள் ஒண்ணு வாங்கினேன், ஜன்னலுக்குக் கொசுவலை அடிச்சேன். பெரிய டப்பா பூஸ்ட் வாங்கி வெச்சேன்.

சிக்கந்தராபாத் ஸ்டேஷனுக்கு லீவு போட்டுட்டுப் போனேன். ரயில் வர்றதுக்கு ரொம்ப முன்னாடியே போயிட்டேன். அவ இறங்கினா. கூட அதே வேலைக்கு வந்த ரெண்டு பொண்ணுங்க. எனக்கு ஒரு நிமிஷம் மூணு பேர்ல எதுன்னு... வெளிச்சம் கண்ணுல அடிச்சுது சார், அதான். தவிர கண்ணாடி போட்டிருப்பான்னு நான் தேடறேன், இவ கான்டாக்ட் லென்ஸ் மாட்டிக்கிட்டு வந்திருக்கா. "அப்பா, இங்க இருக்கேன்ப்பா"ன்னு கையைத் தூக்கினா. அந்த ரெண்டு பொண்ணுங்களும் ஹாஸ்டலுக்குன்னு ஆட்டோ ஏறிட்டாங்க. இவ ஆட்டோ போற வரைக்கும் பார்த்துக்கிட்டே நின்னா.

வீட்டுக்கு வந்து ரூமைத் திறந்து காட்டினேன். சுத்திப் பார்த்தா. "நல்லா இருக்குப்பா. தேங்க்ஸ்ப்பா. உங்களுக்கு எதுக்குப்பா இவ்ளோ சிரமம்"னா. கவனிச்சீங்களா சார், 'உங்களுக்கு'. சின்னதுல "அப்பா நீ வாயேன், அப்பா நீ தூக்கேன்"னுதான் பேசுவா. வளர வளர தானா 'நீங்க'ன்னு மாறிடுச்சு. யாரும் சொல்லிக் குடுக்கல. அவ அம்மாகிட்ட இன்னிக்கும் நீ, வா, போதான். "போம்மா லூசு"ன்னு கூடச் சொல்லுவா. என்கிட்ட மட்டும் அந்த மரியாதை. இந்தக் காலத்துல எந்த வீட்டுல சார் இருக்கு?

பூஸ்ட் கலக்கிக் குடுத்தேன். குடிச்சா. டம்ளர்ல பாதி இருந்துது. எட்டாவதுலயே பாலை விட்டாச்சு, பால் ஊத்தாத காபிதான் குடிக்கிறான்னு அப்புறமா வசுமதி போன்ல சொன்னா. என்கிட்ட சொல்லியிருக்கலாம். கேட்டா, "நீங்க ஆசையா கலந்தீங்கப்பா"ங்கிறா. அவ்ளோ நல்ல பொண்ணு.

ஆபீஸ் கச்சிபௌலியில. இங்கிருந்து மெட்ரோ, அமீர்பேட்டையில மாறணும், ராய்துர்க்கத்துல இறங்கி ஷேர் ஆட்டோ. சாயங்காலம் நான் ஷிப்ட் முடிஞ்சு மெட்ரோ படிக்கட்டுக்குக் கீழே போய் நின்னுடுவேன். தெரியாத ஊராச்சே. அவ இறங்கி வருவா, பையை வாங்கிக்குவேன், ரெண்டு பேரும் நடந்து வருவோம். "இன்னிக்கு வேலை எப்படிம்மா?" "நல்லா இருந்துச்சுப்பா." "சாப்பாடு?" "சாப்பிட்டேன்ப்பா." வழியில ஒரு பேக்கரி இருக்கு, உஸ்மானியா பிஸ்கட் நல்லா இருக்கும். "வாங்கட்டுமா?" "வேணாம்ப்பா." வீடு வந்துடும். ஒரு நாள், "நீங்க எதுக்குப்பா நிக்கறீங்க, கால் வலிக்கும்"னா. எனக்கு வலிக்கலம்மான்னேன். மறுநாள் இருந்து ஒரு கட்டடம் தள்ளி, ஏ.டி.எம். வாசல்ல நின்னேன்.

ராத்திரி சாப்பிட்டதும் ரூமுக்குப் போய்க் கதவைச் சாத்திக்குவா. வசுமதிக்குப் போன். ஒரே சிரிப்பு. அப்படி ஒரு சிரிப்பு சார். நான் ஹால்ல டிவி சத்தத்தைக் கொறைச்சு வெச்சுக்குவேன். அவங்களுக்கு இடைஞ்சலா இருக்கக் கூடாதில்ல. எதுக்குச் சிரிக்கிறாங்கன்னு எல்லாம் கேட்டுக்க மாட்டேன். சும்மா சத்தம் கேட்டாப் போதும். வீட்டுல ஆள் இருந்தா அது ஒரு இது.

சொல்ல வந்ததை விட்டுட்டேன். ஒரு நாள் அவ வேலைக்குப் போகல, லீவு போட்டிருக்கேன்னா. சரின்னு விட்டுட்டேன். சாயங்காலம் நான் ஹால்ல உக்காந்து கீரை ஆஞ்சுக்கிட்டிருக்கேன். வசுமதிகிட்ட இருந்து எனக்குப் போன். "ஏங்க, மிருதுவுக்குக் காய்ச்சல் கொதிக்குதாம், டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க"ங்கிறா. யாருக்குன்னேன். "உங்க பொண்ணுக்குங்க. ரூம்லதான் படுத்திருக்கா, போய்ப் பாருங்க."

இதோ, இந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் சார். கதவு கூட தாழ் போடல. தட்டிட்டு உள்ளே போனேன். போர்வையை இழுத்துப் போர்த்திக்கிட்டு நடுங்கறா. நெத்தியில கை வைக்கப் போனேன். சட்டுனு எழுந்து உக்காந்துட்டா. "சாரிப்பா, உங்களைத் தொந்தரவு பண்ண வேணாம்னுதான்..." வார்த்தை கோர்வையா வரல, அந்த நிலைமையிலயும் துப்பட்டாவை எடுத்துப் போட்டுக்கிறா. என்ன பழக்கம் பாருங்க. வசுமதி நல்லா வளர்த்திருக்கா, அதை நான் எங்கேயும் சொல்வேன்.

டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனேன். வயசு கேட்டாரு, சொன்னேன். என்ன மாத்திரை ஒத்துக்காதுன்னு கேட்டாரு. நான் அவளைப் பார்த்தேன். அவளே சொன்னா. ஏதோ ஒரு மாத்திரை பேர். நம்ம யூனிட்லயே அட்டை அடிக்கிற மாத்திரைதான்.

காய்ச்சல் சரியானதும் ஒரு நாள் இட்லி சாப்பிடும்போது, "அப்பா, ஆபீஸ் பக்கத்துலயே ஹாஸ்டல் பார்த்திருக்கேன். பிரெண்ட்ஸ் இருக்காங்க. டெய்லி போக வர டைம் ஆகுது"ன்னா. நியாயம்தானே? ரெண்டு மெட்ரோ, ஒரு ஆட்டோ. எந்தப் பொண்ணு உடம்பு தாங்கும்? தாராளமாப் போம்மான்னேன். "உங்களுக்கு வருத்தம் ஒண்ணும் இல்லையேப்பா"ன்னா. எனக்கென்ன வருத்தம், ஒரே ஊர்தானே, கூப்பிட்டா வந்து நிப்பேன்னு சொன்னேன். அவ தட்டையே பார்த்துக்கிட்டு இருந்தா. அப்புறம் இன்னொரு இட்லி வெச்சுக்கிட்டா. பெட்டியை நான்தான் தூக்கிட்டுப் போனேன். ராஜேஸ்வரம்மா கேட்டாங்க, தூரம்தான் காரணம்னு சொன்னேன். நம்ம ஆபீஸ்ல நரசிம்மா கேட்டான், அவன்கிட்டயும் அதைத்தான் சொன்னேன். தூரம் சார், வேற ஒண்ணும் இல்ல.

அதுக்கப்புறம் ஞாயித்துக்கிழமை ஆனா நான் கோழிக்குழம்பு வெச்சு எடுத்துட்டுப் போவேன். ஹாஸ்டல் சோறு என்னத்துக்கு ஆகும்! ஆம்பளைங்க கேட்டுக்கு உள்ளே போகக் கூடாது. வாட்ச்மேன் எல்லையா ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போடுவான். அவ கீழே இறங்கி வருவா, டப்பாவை வாங்கிக்குவா, போன வாரத்து டப்பாவைக் கழுவிக் குடுப்பா. "தேங்க்ஸ்ப்பா, எதுக்குப்பா அலையறீங்க." கொஞ்ச நேரம் நிப்பா. நான் எழுந்து நாற்காலியை அவளுக்குக் குடுப்பேன், அவ உக்கார மாட்டா, நானும் உக்கார மாட்டேன். அந்த நாற்காலி சும்மா கிடக்கும். எல்லையா பார்த்துச் சிரிப்பான்.

இப்படிப் போயிட்டு இருக்கும்போதுதான் சார் அந்த மழை. செப்டம்பர்ல ஒரு ஞாயித்துக்கிழமை. நீங்க இங்கத்து மழையைப் பார்த்ததில்லையே. மேடும் பள்ளமுமான ஊர், கொட்டினா ரோடு ஆறாயிடும். டிவியில வெளியே போகாதீங்கன்னு சொல்லிக்கிட்டே இருந்தான். குழம்பு வெச்சாச்சே, என்ன பண்றது? கிளம்பிட்டேன். மெட்ரோ வரைக்கும் நல்லாத்தான் போச்சு. ராய்துர்க்கத்துல இறங்கினா ஆட்டோ ஒண்ணு இல்ல. நடந்தேன். முழங்கால் வரைக்கும் தண்ணி. பேன்ட் பாக்கெட்ல இருந்த போன் எப்ப நனைஞ்சுதுன்னே தெரியாது, செத்துப் போச்சு. டப்பாவை மட்டும் தலைக்கு மேல பிடிச்சுக்கிட்டுப் போனேன், ஒரு சொட்டு உள்ளே போகல.

அங்கே போனா எல்லையா என்னைப் பேய் மாதிரி பார்க்கிறான். பாப்பா உங்களைத் தேடிக்கிட்டு மூசாப்பேட்டைக்குப் போயிட்டாளேங்கிறான். மத்தியானத்துல இருந்து வராதீங்கன்னு சொல்ல எனக்குப் போன் அடிச்சிருக்கா. லைனே போகல. வசுமதிக்கு அடிச்சிருக்கா. வசுமதி எனக்கு அடிச்சிருக்கா. ரெண்டு பேரும் பயந்து போய், இவ மழையில கிளம்பிட்டா. நான் போற மெட்ரோ ஒரு பக்கம், இவ வர்ற மெட்ரோ இன்னொரு பக்கம். எங்கேயோ குறுக்கே கடந்திருக்கோம்.

திரும்பி வந்தேன். சாயங்காலம் ஆயிடுச்சு. மாடிப்படியில உக்காந்திருக்கா. தொப்பலா நனைஞ்சு, ராஜேஸ்வரம்மா குடுத்த துண்டு தோள்ல. என்னைப் பார்த்ததும் எழுந்தா. பாருங்க சார், நான் எதிர்பார்க்கவே இல்ல. ஒரே கத்து.

"உனக்கு அறிவிருக்காப்பா? நீ பாட்டுக்குக் கிளம்பிப் போயிடுவியா? யாராவது உன்கிட்ட கோழிக்குழம்பு கேட்டாங்களா? எங்கேயாவது மேன்ஹோல்ல விழுந்திருந்தா நான் எங்கே போய் உன்னைத் தேடுவேன்? சொல்லு! வாயைத் திறந்து சொல்லு!"

எல்லார் முன்னாடியும். நீ, வா, போன்னு. கீழ் வீட்டு மாப்பிள்ளை எட்டிப் பார்க்கறான். டப்பாவைப் பிடுங்கி வெச்சுட்டு என் சட்டையைப் பிடிச்சு உலுக்கறா, பத்து வயசுப் பிள்ளை மாதிரி ஓன்னு அழறா. எனக்கு உடம்பெல்லாம் கூசிப் போச்சு. ராஜேஸ்வரம்மா என்னடான்னா நின்னு சிரிக்கிறாங்க. "மஞ்சி அம்மாயி அண்டி மீ அம்மாயி"ங்கிறாங்க. உங்க பொண்ணு நல்ல பொண்ணுன்னு. அந்தம்மாவுக்குத் தமிழ் தெரியாதில்ல சார், அவ என்ன பேசினான்னு என்ன புரியும்?

அன்னிக்கு இங்கேயே தங்கிட்டா. குழம்பைச் சூடு பண்ணினா, ரெண்டு பேரும் சாப்பிட்டோம். சாப்பிட்டுட்டு வீட்டைக் குடைய ஆரம்பிச்சுட்டா. ஃப்ரிட்ஜைத் திறந்து, "ஏன்ப்பா, தயிரும் ஊறுகாயும்தான் இருக்கு. நீ என்னத்தைச் சாப்பிடறே?" ஞாயித்துக்கிழமை மட்டும்தான் கறி, மத்த நாள் எனக்கு எதுக்குன்னேன். பிரஷர் மாத்திரை அட்டையை எடுத்து, "இது தீர்ந்து எத்தனை நாளாச்சு? மாத்திரைக் கம்பெனியில இருந்துக்கிட்டு நீ மாத்திரை வாங்க மாட்டியா?" என் கட்டில்ல தூசியை விரலால தொட்டுப் பார்த்து, "நீ கட்டில்ல படுக்கறதே இல்லையா? ஹால்லயேவா படுக்கறே? டிவியை ஓடவிட்டுட்டா?" ஆமாம்மா, சத்தம் இருந்தா எனக்குத் தூக்கம் வரும்னேன்.

அவ வந்து பாய்ல என் பக்கத்துல உக்காந்துட்டா. தோள் மேல சாஞ்சுக்கிட்டா. "அப்பா, நீ வேலையை விட்டுடேன். அம்பத்தூருக்கு வந்துடேன்ப்பா. இனிமே நான்தான் சம்பாதிக்கிறேன்ல. நீ எதுக்கு இங்கே தனியாக் கிடந்து கஷ்டப்படறே?"

நீங்களே சொல்லுங்க சார், எனக்கு எப்படி இருக்கும்? நான் கஷ்டப்படறேனாம். தனியாக் கிடக்கறேனாம். இந்த ஊர்ல என்னை மாதிரி சம்பளக்காரன் எவன் இப்படி ரெண்டு பெட்ரூம் வீட்டுல இருக்கான்? யாருக்காக இருக்கேன்? என்னவோ போக்கத்தவனைக் கூப்பிடற மாதிரி வந்துடுங்கிறா. அதுவும் நீ, நீன்னு. சாயங்காலத்துல இருந்து அதையே கேட்டுக்கிட்டு இருக்கேன். கண்ணு வேற எரியுது, மழைத்தண்ணி பட்டதுனால. நான் சட்டுனு தள்ளி உக்காந்தேன். "முதல்ல பெத்தவன்கிட்ட மரியாதையாப் பேசக் கத்துக்கோ. நீன்னு சொல்ற வேலையெல்லாம் உங்கம்மாகிட்ட வெச்சுக்கோ"ன்னேன்.

சத்தம் போடல சார். நிதானமாத்தான் சொன்னேன்.

அவ என்னையே பார்த்தா. அப்புறம் எழுந்து, பாயைச் சரி பண்ணினா. "சாரிப்பா. தெரியாம பேசிட்டேன். நீங்க படுங்க"ன்னா. ரூமுக்குப் போய்க் கதவை மெதுவாச் சாத்திக்கிட்டா. அன்னிக்கு அவ அம்மாவுக்கு போன் பண்ணின சத்தம் கூடக் கேட்கல. டிவியை நான் போடல, அவ தூங்கட்டும்னு.

காலையில எனக்கு முன்னாடி எழுந்து, குளிச்சு, கிளம்பிட்டா. மாத்திரை வாங்கி டேபிள் மேல வெச்சிருந்தா. அவ்ளோதான். அதுக்கப்புறம் ஒரு தடவை கூட மரியாதை தவறினதில்ல. சொன்னா டக்குனு பிடிச்சுக்குவா. ஞாயித்துக்கிழமை போனா, "வாங்கப்பா, நல்லா இருக்கீங்களா, மாத்திரை சாப்பிடறீங்களா"ன்னு அடக்கமாக் கேட்பா. கண்டிக்க வேண்டிய நேரத்துல கண்டிச்சுடணும் சார். வசுமதிகிட்ட சொன்னேன். அவ, "நீங்க அப்படிச் சொல்லியிருக்க வேணாங்க"ன்னா. ஏன்னு கேட்டா, "ஒண்ணும் இல்ல, விடுங்க"ங்கிறா. அம்மாக்காரிங்க எப்பவும் செல்லம்தான்.

இப்ப இந்த மாசம் மிருதுவுக்குப் பெங்களூருல வேற கம்பெனி கிடைச்சிருக்கு. நல்ல சம்பளமாம். வசுமதிதான் சொன்னா. மிருது என்கிட்ட நேர்ல சொல்லணும்னு இருந்திருப்பா, அதுக்குள்ள இவ முந்திக்கிட்டா. பெங்களூருல வாடகையைக் கேட்டா மயக்கம் வரும் சார். நான் அவகிட்ட சொன்னேன், இங்கேன்னா இந்தச் சம்பளத்துக்கு மிச்சம் பிடிக்கலாமேம்மான்னு. "தெரியும்ப்பா"ன்னா.

பெங்களூர் பஸ் இந்த மூசாப்பேட்டை மெயின் ரோட்டுலதான் ஆள் ஏத்தும். அவ அங்கே கச்சிபௌலியிலயே ஏறிக்கலாம், பக்கம். ஆனா பெட்டியெல்லாம் தூக்கிக்கிட்டு இங்கே வந்து ஏறினா. ஏன் இந்த அலைச்சல்னு கேட்டேன். "சும்மாதான்ப்பா, உங்களைப் பார்த்துட்டுப் போலாம்னு"ன்னா. பஸ் லேட்டு. ரோட்டோரத்துல ரெண்டு பேரும் நிக்கறோம். சொல்றதுக்கு எவ்ளோவோ இருந்த மாதிரி இருக்கு, நினைச்சுப் பார்த்தா ஒண்ணும் இல்ல. தண்ணி பாட்டில் வாங்கிக் குடுத்தேன். வாங்கிக்கிட்டா. நாலு சமோசா வாங்கிக் குடுத்தேன். அதையும் வாங்கிக்கிட்டா. பஸ் வந்துது. ஏறும்போது என் கையை ஒரு தடவை இறுக்கிப் பிடிச்சா. "வர்றேன்ப்பா. உடம்பைப் பார்த்துக்கோ..."ன்னவ சட்டுனு நிறுத்தி, "பார்த்துக்கோங்க"ன்னா.

பஸ் கிளம்பினதும் எனக்குப் போன் வந்துது. அவதான். என்னம்மா, எதையாவது மறந்துட்டியான்னேன். "இல்லப்பா, சீட்டு நல்லா இருக்கு, ஜன்னல் சீட்டு"ன்னா. சரிம்மான்னேன். அவ ஒண்ணும் பேசல. கட்டும் பண்ணல. நானும் பண்ணல. பஸ்ஸுக்குள்ள யாரோ டிக்கெட் கேக்கறது கேக்குது, ஒரு கைக்குழந்தை அழறது கேக்குது, ஹாரன் கேக்குது. அவ மூச்சு விடறது கூடக் கேட்டுது சார். நான் அப்படியே போனைக் காதுல வெச்சுக்கிட்டு நடந்து வீட்டுக்கு வந்து, பூட்டைத் திறந்து, இதோ இந்த நாற்காலியில உக்காந்துட்டேன். அப்பவும் லைன்ல இருக்கா. ஏதாவது சொல்லணும்னு வாயைத் திறந்தேன். என்ன சொல்ல வந்தேன்னு சத்தியமா ஞாபகம் இல்ல. அதுக்குள்ள சிக்னல் போயிடுச்சு.

திரும்ப அடிச்சேன். பிஸி. கொஞ்சம் கழிச்சு அடிச்சேன். பிஸி. அம்மாகிட்ட பேசிட்டிருப்பா. பேசட்டும். புது ஊருக்குப் போற பொண்ணு, அம்மாகிட்ட பேசாம வேற யார்கிட்ட பேசும்?

என்ன சார், மணி பார்க்கறீங்க? ரூமை இன்னும் காட்டவே இல்லையே நான். வாங்க, எழுந்திருங்க. பெயின்ட் கலர் மட்டும் கொஞ்சம் ஒரு மாதிரி இருக்கும், அதைப் பார்க்காதீங்க. பாத்ரூம் தனி, கீஸர் புதுசு. அவ தலைக்குக் குளிக்கச் சுடுதண்ணி வேணும்பாளேன்னு போட்டது. போட்டுப் பார்க்கறீங்களா? போடுங்க சார், பரவால்ல. சிவப்பு லைட் எரியணும்... எரியுதா?